மூன்றாவது கிரகமும் வீட்டுக்காரம்மாவும்

பூமியை விட்டால் மனிதன் குடியேறத் தகுந்த ஒரே இடம் இன்று மாலை நான்கு மணிக்கு உலகத்துக்கு அறிவிக்கப்படும். அதைக் கண்டுபிடித்த ஒரே மனிதன் தான்தான். இதில் புரோக்கருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போதே, பிற்காலத்தில் அங்கே எழுப்பப்படும் தன் சிலையை எங்கே நிறுத்துவது என்பதையும் முடிவு செய்துவிட்டான். அந்தக் கிரகத்தில் ஒரு பாதி எப்போதும் பகல், மறுபாதி எப்போதும் இரவு. சிலை பகலில்தான் நிற்க வேண்டும். இருட்டில் யார் பார்ப்பார்கள்?

தூரத்து நட்சத்திரங்களின் பக்கத்தில் வீடு பார்த்துக் கொடுக்கிறவன் என்பதால் ஆய்வுக்கூடம் அவனுக்கு வைத்த பெயர்தான் புரோக்கர். இப்போது அவன் பார்த்திருந்தது ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரம். சூட்டில் சூரியனில் பாதி, வெளிச்சத்தில் அதன் கால்தூசுக்குக் காணாது. அதைச் சுற்றிப் பூமி அளவில் மூன்று கிரகங்கள். அடுப்பு சின்னதென்றால் ஒட்டி உட்கார்ந்துதான் குளிர்காய வேண்டும். மூன்றாவது கிரகம் அப்படித்தான், தண்ணீர் கொதிக்காத, உறையாத தூரத்தில் ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்குப் பதினோரு நாள். அதுதான் அங்கே ஒரு வருஷம். பிறந்தநாள் கொண்டாடியே குடித்தனக்காரன் ஓட்டாண்டியாவான் என்பதைத் தவிர, வீட்டில் வேறு குறை அவனுக்குத் தெரியவில்லை.

அவனுடைய தற்காலிக வேலை மாதக் கடைசியோடு முடிகிறது. அறிவிப்பு எடுபட்டால் வேலை நிரந்தரம் என்று ஆய்வுக்கூடத்தின் டைரக்டர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். எடுபடாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றரை மணிக்கு அண்ணி வந்தாள். சொந்த அண்ணன் மனைவி. அதே கூடத்தில் நட்சத்திரங்களின் வெடிப்புகளை ஆராய்கிறவள்.

"தம்பி, அது அமைதியான நட்சத்திரம்னு எழுதியிருக்கியே, எதை வெச்சு?"

"என் டேட்டாவ வெச்சுதான். ரெண்டு வருஷமா ஒரு சிணுங்கல்கூட இல்ல. தங்கமான நட்சத்திரம் அண்ணி."

"நேத்து எங்க தொலைநோக்கியத் திருப்பிப் பாத்தோம். தங்கம் ரெண்டு வாட்டி வெடிச்சுது."

"வீட்டப் பாருங்கன்னா வீட்டுக்காரம்மாவப் பாக்கறீங்களே!"

"வீட்டுக்காரம்மா நெனச்சப்பல்லாம் வெந்நிய மூஞ்சில ஊத்தறவளா இருந்தா, தரை வழவழன்னு இருந்து என்னடா பிரயோஜனம்? அவ்வளவு கிட்டத்துல இருக்கற கிரகத்துல காத்து மிஞ்சுமா?" அவள் சிரிக்கவில்லை. "உன் ப்ரோக்ராம் எதையாவது வெட்டி எறியுதா?"

"குப்பையத்தான். கிரகம் குறுக்க வந்தா வெளிச்சம் குறையும். நான் தேடறது அந்தக் குறைச்சல. திடீர்னு கூடிச்சுன்னா அது கருவிக் கோளாறு. தானா தூக்கிப் போட்டுரும்."

"போட்டத ஒரு தடவையாவது பாத்தியா?"

"குப்பையக் கிளறி டாக்டர் பட்டம் வாங்கினது நீங்க."

இது அவனுடைய பழைய நையாண்டி. குடும்பமாகச் சாப்பிட உட்காரும்போது, அண்ணி ஆராய்ச்சி செய்யும் விதம் என்று கோழி காலால் சீய்ப்பதுபோல் நடித்துக் காட்டுவான். அண்ணனே சிரித்துப் புரையேறியிருக்கிறான். இன்று நடித்துக் காட்டக் கால் எழவில்லை.

"மேடைக்கு வந்து நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள் அண்ணி. "ஆனா யாராவது கேப்பாங்க. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு." போய்விட்டாள்.

அரங்கத்தை ஒட்டிய சின்ன அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் நிரம்பும் சத்தம். யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். தட்டியது தன் மண்டையில் என்று புரோக்கருக்குப் பட்டது.

குப்பையை எறியச் சொல்லும் கட்டளை ஒரே ஒரு வரி. அதை நிறுத்திவிட்டு ப்ரோக்ராமை மறுபடி ஓட்டினான். சும்மா, அண்ணி வாயை அடைக்கத்தான்.

டைரக்டர் தலையை நீட்டினார். "என்னப்பா, மாப்பிள்ளை அலங்காரம் முடியலியா? கேமராவெல்லாம் வந்தாச்சு."

"ரெண்டு நிமிஷம் சார்."

திரையில் நட்சத்திர வெளிச்சத்தின் கோடு வந்தது. இரண்டு வருஷமாக வழித்துவிட்டதுபோல் இருந்த கோட்டில் இப்போது முட்கள் நட்டுக்கொண்டு நின்றன. கருவிக் கோளாறாகவே இருக்கட்டும் என்று மனசு கெஞ்சியது. கோளாறு என்றால் ஒரே ஒரு புள்ளி துள்ளி விழும். வெடிப்பு என்றால் சட்டென்று ஏறி, ஆற அமர இறங்கும். ஒரு முள்ளைப் பெரிதாக்கினான்.

சட்டென்று ஏறி, ஆற அமர இறங்கியது.

டைரக்டர் இந்த முறை உள்ளேயே வந்துவிட்டார். "நேரமாச்சு, கிளம்பு."

"சார், கிரகம் இருக்கு. மூணும் இருக்கு, சுத்துற கணக்கும் சரி. குடியிருக்க முடியுமான்னு மட்டும் இன்னிக்குச் சொல்ல முடியாது."

"அதச் சொல்லத்தானேய்யா இத்தன பேரக் கூப்பிட்டிருக்கு!"

"ஆமா சார்."

"உன் வேலை...?"

"தெரியும் சார்."

டைரக்டர் அவன் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் நடப்பதுபோல் அரங்கத்தை நோக்கி நடந்தார். சற்று நேரத்தில் நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. எவனோ சத்தமாகச் சிரித்தான்.

புரோக்கர் நிமிரவில்லை. முதல் முள்ளின் உயரத்தையும், இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டாவதைப் பெரிதாக்கினான். பிறகு மூன்றாவதை.