பத்து நாற்பதுக்குப் போட்ட கட்டு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் ரேகா. ராயபுரத்தில் எதிர்வீடு. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். பாதியில் நிறுத்தி, "மீதிய நீங்களே எழுதிக்குங்க" என்று எழுந்து போய்விட்டாள். அந்த மீதி எனக்கும் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"எண்ணூர்க் கழிமுகத்தில் பொன்னான விடியல்..." என்று தொடங்கி அடித்துவிட்டேன். அங்கே விடிந்ததும் கண்ணில் படுவது புகைபோக்கிகள்தான்.

2

ரேகா அங்கே போனது செடிகளுக்குப் பெயர் கண்டுபிடிக்க. மீனவர் டில்லிபாபுவின் படகில் போனாள். அவர் மனைவி புஷ்பவல்லியும் உடன் வந்தாள். அக்கரையில் டில்லிபாபு முதலில் குதித்தார். சேற்றில் புதைந்திருந்த தகரம் கெண்டைக்காலைக் கிழித்தது. ரத்தம் துடித்துத் துடித்துப் பீய்ச்சியடித்தது.

"டீச்சரம்மா, வெட்டுக்காயப் பூண்டு கீது பாரு! கசக்கிப் புழிம்மா!" என்று அலறினாள் புஷ்பவல்லி.

ரேகா ஓடிப்போய்ப் பறித்தாள். செடியில் பூ இல்லை. அதுதானா? இலையோரத்துப் பற்களை உற்றுப் பார்த்தபடி நின்றாள்.

(இந்த வரியை எடுத்துவிட நினைத்தேன். ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கும்போது இலையை ஆராய்கிறவளை வாசகர் மன்னிப்பாரா? "நின்னேன். எழுதுங்க" என்றாள் ரேகா.)

"இன்னாம்மா பாத்துகினு கீறே!"

இலையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். செடிகளை அழுத்திவைக்கும் பலகைகளின் வார்ப்பட்டையை உருவி, முழங்காலுக்கு மேலே சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாள். டில்லிபாபு கத்தினார். ரத்தம் நின்றது. அவர் நெற்றியில் மார்க்கர் பேனாவால் எழுதினாள்: 10.40.

3

இதை அவள் எங்கே கற்றாள்? போர்க்களக் காயங்களுக்குப் பயன்பட்ட தாவரங்களைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் உலகப்போரில் பஞ்சு போதாமல் சதுப்புநிலப் பாசியை வைத்துக் கட்டினார்கள். இறுக்குக் கட்டுப் போட்டவர்களைத் தூக்கிவர நேரமானதால் பலருக்குக் கால் போனது. அதனால் கட்டவே பயந்த காலமும் உண்டு. கட்டாததால் ரத்தம் வடிந்து செத்தவர்களைப் பிந்தைய போர்களில் எண்ணிப் பார்த்த பிறகே கட்டு திரும்பி வந்தது, நேரத்தை எழுதிவை என்ற விதியோடு. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம்...

(கட்டுரை போதும். அங்கே மனிதர் கிடக்கிறார்.)

4

படகைப் புஷ்பவல்லியே ஓட்டி வந்தாள். இக்கரையில் ஆட்டோ பிடித்தார்கள். முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. மணி பதினொன்று ஐம்பது.

"கால் கருத்துகினு வருதும்மா. அவுத்து வுடு. கால் பூடும்!"

"அவுத்தா உயிரு போயிடும்க்கா."

"நீ இன்னா டாக்டரா?"

புஷ்பவல்லி குச்சியைப் பிடுங்கப் போனாள். ரேகா இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டாள். அவள் மணிக்கட்டில் புஷ்பவல்லியின் நகம் பதிந்தது. டில்லிபாபு கண்ணைத் திறந்து, "சண்ட போடாதீங்கடி" என்று முனகினார்.

மருத்துவமனையை அடைந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. நெற்றியைப் படித்த மருத்துவர் வேறெதுவும் கேட்காமல் உள்ளே தள்ளிப்போகச் சொன்னார். பிறகு வெளியே வந்தார்: "உயிருக்குப் பயமில்ல. காலைப் பத்தி சாயங்காலந்தான் சொல்ல முடியும்."

வகுப்பு இருக்கிறது என்று சொல்லி ரேகா கிளம்பிவிட்டாள். அன்று வகுப்பு இல்லை.

5

பத்து நாள் ஆகிறது. அவள் அங்கே போகவில்லை. நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் டில்லிபாபு நொண்டியபடி வலையைத் தூக்குகிறார். இன்னொன்றில் புஷ்பவல்லி, "நீ கட்னதாலதான்..."

அதற்கு மேல் எழுத முடியவில்லை. முதலாவதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

இன்று காலை இதுவரை எழுதியதை ரேகாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது அவள் செல்போன் அடித்தது. திரையில் 'புஷ்பவல்லி அக்கா'. ஐந்தாவது முறையாம்.

"நீங்க எடுங்களேன்" என்று என் பக்கம் தள்ளினாள். நான் அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

நல்ல சேதியா, சாபமா? எங்கள் இருவருக்கும் தைரியமில்லை. மேசை அதிர்கிறது. வாசகரே, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எடுத்துப் பேசுங்கள்.