ஓடைத் தண்ணீரில் கலக்கிய யங்கோனா

வெள்ளம் வடிந்த கையோடு அந்த ஃபிஜி ஊரில் இரண்டு பேர் காய்ச்சலில் போய்விட்டார்கள். மாட்டு வைத்தியம் படித்துவிட்டு, நோய் பரவும் வழியைத் தேடி ஊர் ஊராக அலையும் மெரெசெய்னிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி யங்கோனா வேரைக் காணிக்கை வைத்து, அதை இடித்துத் தண்ணீரில் கலக்கிச் சிரட்டையில் தருவதைக் குடிக்காமல், ‘ராத்து’ என்று அழைக்கப்படும் தலைவரிடம் ஒரு கேள்வியும் கேட்க முடியாது.

சிரட்டை அவளிடம் நீண்டது. அவர்கள் தண்ணீர் எடுக்கும் ஓடைக்கு மேலே பன்றிப்பட்டி இருப்பதை அவள் வரும்போதே பார்த்திருந்தாள்.

“ராத்து, இதுல பன்னி மூத்திரம் கலந்திருக்கு, அதுலருந்தும் காய்ச்சல் வரும். தண்ணியக் கொதிக்கவச்சு, ஆறவிட்டுக் கலக்குங்க. எத்தனை சிரட்டை வேணாலும் குடிக்கிறேன்.”

தலைவர் முகம் சிவந்தது. “மாட்டு டாக்டருக்கு மனுசன் குடிக்கிறதப் பத்தி என்னம்மா தெரியும்?”

“பன்னியப் பத்தித் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். கலக்கிக்கொண்டிருந்த ஜோசெவா மட்டும் சிரிக்கவில்லை.

“செத்த ரெண்டு பேரும் எங்கூடக் குடிச்சவங்கதான். எனக்கும் நேத்துலருந்து உடம்பு காயுது.”

சிரிப்பு நின்றது. தலைவர் கலயத்தை முற்றத்தில் கவிழ்த்தார்.

“அடுப்புல தண்ணி வைங்கடா,” என்றவர், அதற்குள் எழுந்து ஜோசெவாவின் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்த மெரெசெய்னியைப் பார்த்தார். “குடிக்கிறது அப்புறம் ஆகட்டும். நீ கேக்க வேண்டியத இப்பவே கேளு.”