கிளறாதே என்றுதான் சொன்னாள்

காய்ச்சல் கண்டு பன்றிகள் செத்து விழுந்த மழைக்காலத்தில் லியோனிசாவின் சாப்பாட்டுக் கடையை மூட வைத்தது காய்ச்சல் அல்ல, ஒரு நாக்கு. "செத்த பன்னி ரத்தத்துலதான் அவ தினுகுவான் வைக்கிறா" என்று சந்தையில் மீன் வாங்கிக்கொண்டே ஒபேலியா போகிறபோக்கில் சொல்லி வைத்தாள். பன்றி ரத்தமும் புளித்த தென்னங்கள்ளுக் காடியும் பச்சை மிளகாயும் சேர்ந்து கருகருவென்று கொதிக்கும் அந்தக் குழம்புக்காக மூன்று ஊர் தாண்டி ஆள் வந்த கடை அது. பத்தே நாளில் ஈ ஓட்டியது. அடுத்த மாதம் லியோனிசா பெயர்ப்பலகையைக் கழற்றினாள்.

சொன்னவள் யாரோ எவரோ அல்ல. லியோனிசாவின் மகளுக்கு ஞானத்தாய்; ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தியவள். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இப்போது அந்தச் சொல்லைச் சொன்னாலே லியோனிசாவுக்கு வாய் கசந்தது. கடை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தெருவில் பெண்கள் அவள் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்தக் கை சுத்தம் என்று ஊர் முன்னால் சொல்லப்பட வேண்டும், அதையும் ஒபேலியாவின் வாயே சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இந்த வருஷம் திருவிழா விருந்து வைக்கும் முறை ஒபேலியாவுக்கு வந்தது. விருந்து வைப்பவள் தன் கையால் சமைக்க வேண்டும், பிக்கோல் சீமையில் சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் லாயிங் இல்லாமல் விருந்து கிடையாது. ஒபேலியாவோ மணிலாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பதினைந்து வருஷமாக லாயிங்கை லியோனிசாவின் சட்டியிலிருந்து வாங்கித் தின்றாளே தவிர, வைத்ததில்லை. கோயில் முற்றத்தில் பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்துக்கு, எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி ஒரு கூச்சமுமில்லாமல் வந்து உட்கார்ந்தாள்.

"மாரே, எளைச்சுப் போயிட்டியே."

"கடை இருந்தா மிச்சம் மீதி திங்கலாம். இப்ப அதுக்கும் வழியில்ல, மாரே."

"பழச எதுக்குக் கிளறிக்கிட்டு. லாயிங் எப்படி வைக்கிற, சொல்லேன். உன் கைமணம் எனக்கு வராது, வாசனையாவது வரட்டும்."

லியோனிசா எத்தனையோ பொய்களை மனசுக்குள் சமைத்து வைத்திருந்தாள். இறால் விழுதை விட்டுவிடச் சொல்லலாம், உப்பை இரண்டு பங்காக்கலாம். ஆனால் எதிரே இருந்த அந்த முகத்தைப் பார்த்ததும், பொய்யே தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. துருவிக்கொண்டிருந்த ஏழு பேருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"சேம்பு எலைய மூணு நாள் வெயில்ல போடு, நொறுங்கணும். கழுவாத. இஞ்சி, பூண்டு, எறால் விழுது, மிளகா எல்லாம் போட்டு தேங்காப்பால ஊத்து. மேல எலையப் பரப்பிட்டுக் கையக் கட்டிக்க. பால் வத்தி எண்ணெய் பிரியிற வரைக்கும் கரண்டி போடாத. கெளறினா தொண்டை அரிக்கும்."

"அடி பிடிக்காதா?"

"சின்னத் தீயில வை, பிடிக்காது. கெளறாத, மாரே."

சொல்லிவிட்டு உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தானாக வந்தது அல்ல. ஏழு உள்ளூர்க்காரிகளுக்கும் இது தாய்ப்பாலோடு வந்த பாடம்; ஆனால் ஒருத்தியும் ஆமாம் என்று சொல்லவில்லை, குனிந்து துருவினார்கள். ஒபேலியா சிரிப்பைப் பார்த்தாள், குனிந்த தலைகளைப் பார்த்தாள், நன்றி சொல்லிவிட்டுப் போனாள். தன்னைப் போலப் பிறரையும் நினை என்கிறது வேதம். ஒபேலியா அப்படித்தான் நினைப்பவள்.

திருவிழா நாள் பவனி முடிந்து நடுப்பகலில் ஊரே ஒபேலியாவின் பந்தலுக்கு வந்தது. வழக்கப்படி பக்கத்து வீட்டார் ஆளுக்கொரு சட்டி கொண்டு வந்தார்கள். லியோனிசாவும் ஒரு சட்டியை மூடியபடி கொண்டுவந்து ஓரத்தில் வைத்தாள். யாரும் அதைத் திறக்கவில்லை.

லாயிங் பரிமாறப்பட்டது. ஒபேலியா காலையில் பாலை மட்டும் விரல்நுனியில் தொட்டு ருசி பார்த்திருந்தாள். இலையின் அரிப்போ மெதுவாகத்தான் வரும். முதலில் பங்குச் சாமியார் செருமினார். பிறகு ஊர்த்தலைவர் கழுத்தைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்கச் செருமலும் இருமலுமாக இருந்தது. ஒபேலியாவும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவதான்" என்று லியோனிசாவைக் காட்டினாள். "இவதான் சொல்லிக் கொடுத்தா. வேணும்னே செஞ்சிருக்கா."

கறிக்கடைக்காரர் காசியானோவின் மனைவி பசில்யா எழுந்தாள். "நாங்க ஏழு பேரும் அங்கதான் இருந்தோம். கெளறாதன்னு ரெண்டு தரம் சொன்னா. நீ கெளறினியா இல்லையா?"

"கெளறினேன். இவ பொய் சொல்றான்னு நெனச்சேன்."

இதற்காகத்தான் லியோனிசா காத்திருந்தாள். குரல் தேன் போல வந்தது. "உங்கிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லணும், மாரே? நீ எனக்கு என்ன செஞ்ச?"

ஒபேலியா விழுங்கினாள், விழுங்க விழுங்க அரித்தது.

"அந்த ரத்தம்..."

"எந்த ரத்தம்?" என்றார் சாமியார்.

"செத்த பன்னி ரத்தம்னு நான் சொன்னேன், சாமி. அது காசியானோ கடை ரத்தந்தான். நானும் அங்கதான் வாங்குவேன். அவ கைல ஒரு குத்தமும் இல்ல."

பாவ அறிக்கைக் கூண்டில் சொல்ல வேண்டியதை ஊர்ப் பந்தலில் சொன்னாள். லியோனிசாவுக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, வயிறு நிறைந்த சந்தோஷம். சட்டியின் மூடியைத் திறந்தாள். காடியும் ரத்தமும் கொதித்த அந்தப் பழைய வாசனை எழுந்தது. புளிப்புப் பட்டால்தான் சேம்பு அரிப்பு அடங்கும் என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாமியாரே தட்டோடு முதலில் வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க, சாமி. விருந்து வச்சவதான் மொதல்ல."

ஒபேலியாவின் தட்டில் இட்லி போன்ற அரிசிப் புத்தோ இரண்டை வைத்து, மேலே கருங்குழம்பை ஊற்றினாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஒபேலியா தலை நிமிராமல் தின்றாள். தட்டு காலியாகும்வரை லியோனிசா கரண்டியோடு அங்கேயே நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா, மாரே?"

தொண்டை இன்னும் அரித்தது. ஒபேலியா தட்டை நீட்டினாள்.