பதினெட்டு நொடிக் காணொளி

முதல் மணி அடிப்பதற்குள் நூலக டீச்சர் பன்னிரண்டு புத்தகங்களின் கிழிந்த முதுகை ஒட்டி, பதினொரு கணினிகளையும் தூசி தட்டி, உயிர் வராத மூன்றை அதட்டியும் பார்த்தாயிற்று. நூலகமும் அவரே, கணினி வகுப்பும் அவரே. தலைமை ஆசிரியைக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கல்லுக்குத்தான் இடுப்பு வலி என்று டீச்சர் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அன்று சிரிக்க முடியவில்லை. லிஃப்ட் கம்பெனிச் சட்டையோடு வாசலில் ஒருவர் நின்றார். கையில் நான்கு நூலகப் புத்தகங்கள், மேலே மடித்த ஒரு தாள். அணிலின் அப்பா. எட்டாம் வகுப்பில் பென்சில் நுனியைக் கொறித்தே தீர்ப்பவள் என்பதால் அந்தப் பெண்ணுக்கு அணில் என்று பெயர். வைத்ததே டீச்சர்தான்.

"புத்தகமெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு, பாக்கி இல்லேன்னு இதுல கையெழுத்துப் போடுங்க டீச்சர். டி.சி. வாங்கணும்."

"எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க, சார்?"

"எங்கயும் இல்ல. படிச்சது போதுங்கிறா. கெஞ்சிப் பாத்தாச்சு." அவர் புத்தகங்களை மேசை விளிம்போடு நேராக அடுக்கினார். "ஆறு வயசுலேருந்து வலிப்பு இருக்கு டீச்சர். வந்தாலும் அரை மணியில எழுந்து உக்காந்து பேனாவத் தேடுவா. இப்ப ரூம விட்டு வெளிய வரவே மாட்டேங்கிறா."

டீச்சருக்குத் தெரியாத கதையா? மூன்று வாரத்துக்கு முன்பு காலைக் கூட்டத்தில் அணிலுக்கு வலிப்பு வந்தது. கீழே விழுந்தவளிடம் இரண்டு பேர் ஓடினார்கள். பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாத கைபேசிகள் பத்துப் பைகளிலிருந்து வெளியே வந்தன. அன்று சாயங்காலமே பதினெட்டு நொடிக் காணொளி ஒன்று வீடு வீடாகச் சுற்றியது, ஒரு குத்துப்பாட்டோடு. அவள் கைகால் வெட்டி இழுப்பது தாளத்துக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. காணொளியில் பாட்டுச் சேர்ப்பது எப்படி என்று முந்தைய வாரம்தான் டீச்சர் பாடம் நடத்தியிருந்தார்.

ஆசிரியர்கள் குழுவுக்கும் அது வந்தது. டீச்சர் முழுதாகப் பார்த்தார், ஐயோ பாவம் என்று நினைத்தார், கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போனார்.

அதைவிடப் பெரிய முள் ஒன்றும் நெஞ்சில் தைத்துக் கிடந்தது. மறுநாள் மதிய இடைவேளையில் அணில் மேசையருகே வந்து, "டீச்சர், ஒரு வீடியோவ எல்லார் போன்லேருந்தும் அழிக்க முடியுமா?" என்று கேட்டாள். புத்தகத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, வகுப்பில் சொல்லும் பதிலைச் சொன்னார். "ஒரு தடவ நெட்டுக்குப் போனா போனதுதான். ஆயுசுக்கும் அழியாது. அதனாலதான் நாம ஜாக்கிரதையா இருக்கணும்."

அணில் தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை.

"சாயங்காலம் நான் வீட்டுக்கு வர்றேன் சார். அதுவரைக்கும் கையெழுத்துக் கேக்காதீங்க."

"வாங்க. ஆனா கதவத் தொறக்க மாட்டா."

அப்படித்தான் ஆயிற்று. உள்ளே தாழிட்ட அறைக்கு வெளியே, ஈரத்துணி தொங்கும் கொடிக்குக் கீழே, டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு, லைப்ரரி டீச்சர் வந்திருக்கேன். தப்பு எம்மேலதான். நீ அன்னிக்குக் கேட்டப்ப உன் மூஞ்சியக்கூட நான் பாக்கல. நாளைக்கு வா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாம நான் பாத்துக்கறேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "அத நீங்க பாத்தீங்களா டீச்சர்?" என்ற குரல் வந்தது.

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "பாத்தேம்மா."

"முழுசாவா?"

"ம்."

"நான் பாக்கல. எப்பிடி இருந்தேன்னு எனக்கே தெரியாது. உங்க எல்லாருக்கும் தெரியும்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உள்ளே இருந்த குரலில் கோபமே இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்னீங்கள்ல? வலிப்பு வர்றப்ப எப்பிடி டீச்சர் ஜாக்கிரதையா இருக்கறது? எங்கிட்ட சொன்னதுக்குப் பதிலா, எடுக்காதீங்க, அனுப்பாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

 புறப்படும்போது அப்பா தாளை நீட்டினார். டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் எட்டாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் ஒரு கணினியும் இயக்கப்படவில்லை. டீச்சர் நின்றபடியே பேசினார்.

"இத்தனை நாளும் உங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். ஜாக்கிரதையா இருன்னு விழுந்தவகிட்டப் போய்ச் சொன்னேன். எடுத்தவங்க, பாட்டுப் போட்டவங்க, அனுப்பினவங்க, சிரிச்சவங்க, பாத்துட்டு வாய மூடிக்கிட்ட நான், எல்லாரும் சேந்துதான் ஒரு பொண்ணோட படிப்பக் கெடுத்திருக்கோம். வெக்கப்பட வேண்டியது அவ இல்ல, நாமதான்."

வகுப்பில் ஒருவரும் நிமிரவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மெல்லக் கேட்டாள்.

"இப்ப எல்லாரும் அழிச்சுட்டா அணில் வருவாளா டீச்சர்?"

"வரமாட்டா. இருந்தாலும் அழிங்க. அடுத்தாப்புல யாராவது கீழ விழுந்தா உங்க கை போனுக்குப் போக வேண்டாம். ஓடிப்போய் அவங்க பக்கத்துல உக்காருங்க."