ஒரு முழம் சுண்ணாம்புக்கல்

நிலவியல் மாநாட்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது. 1981 மார்ச். கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் மோர்சாதம் முடியும்வரை காத்திருந்து, ஜலஜா கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

பட்டாபி நிலவியலாளர். இமயத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குப் பாறை அடுக்குகளில், பெர்மியன் என்ற ஆதிகாலம் எங்கே முடிந்து அடுத்ததான டிரையாசிக் காலம் தொடங்குகிறது என்று ஒன்பது கோடைகளாகத் தேடியவர். துருநிறத்தில் நாலு விரல் கனமுள்ள ஒரு படிவுதான் எல்லை என்று முடிவுகட்டியிருந்தார். அவர் கொண்டுவரும் கற்களை அமிலத்தில் கரைத்துக் கசடை ஆராய்வது, அதே அலுவலகச் சோதனைக்கூடத்தில் ஜலஜாவின் வேலை. துருப்படிவுக்கு ஒரு முழம் மேலே எடுத்த சுண்ணாம்புக்கல்லில், கடுகில் பாதிகூட இல்லாத மூன்று பற்கள் கிடைத்திருந்தன. பெர்மியனோடு அழிந்ததாக அவர் எழுதியிருந்த கடல் பிராணியின் பற்கள். அது அங்கேயே வாழ்ந்ததென்றால், துருப்படிவு எல்லையாக இருக்க முடியாது.

பட்டாபி எச்சில் கை காயக் காய உட்கார்ந்திருந்தார்.

"கீழே இருந்த பழைய படிவை அலை அரிச்சு, பல்லை மேலே கொண்டு போட்டிருக்கலாமோல்லியோ?"

"போட்டிருக்கலாம். ஆனா முனை மழுங்கலையே. உருண்டு வந்ததுன்னா இப்படி இருக்குமா?"

"மூணே மூணு பல்லு, ஜலஜா. என்னோடது ஒன்பது வருஷம்."

"நான் பாக்காத மாதிரி இருந்துடட்டுமா? சொல்லுங்கோ, இருந்துடறேன்."

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் ஞாயிறு. காவலாளியைக் கெஞ்சிச் சோதனைக்கூடத்தைத் திறக்கவைத்தார்கள். பட்டாபி ஒரு மணி நேரம் நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மழுங்கலைதான்," என்றார். "அதுக்காக எல்லை இங்கேதான்னும் சொல்ல முடியாது. இன்னும் மேலே நாலாவது பல்லு கிடைச்சா?"

"நான் எங்கே எல்லை சொன்னேன்? கிடைச்சதைச் சொன்னேன்."

மாநாட்டில் அவர் காட்டிய படத்தில் காலத்துக்கு ஒரு வண்ணம்; நடுவே அந்த ஒரு முழத்துக்கு மட்டும் எந்த வண்ணமும் இல்லை. எல்லை எந்த இடம் என்று அமர்வின் தலைவர் இரண்டு முறை கேட்டார். "இதற்குள் எங்கோ. இன்று அதற்குமேல் எனக்குத் தெரியாது," என்றார் பட்டாபி. யாரோ சிரித்தார்கள்.

முடிவு எதையும் சொல்லாத கட்டுரை என்று மாநாட்டுத் தொகுப்பில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். தான் வாயை மூடிக்கொண்டிருக்கலாமோ என்று ஜலஜாவுக்குப் பல நாள் உறுத்தியது.

ஜூலையில் ஸ்பிதிக்கு மூட்டை கட்டும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"இந்தத் தடவை அந்த முழத்தை ரெண்டு ரெண்டு விரலா வெட்டிண்டு வரேன். கரைச்சுத் தருவியா?"

"நானே வந்து வெட்டிக்கறேன்."

"பன்னண்டாயிரம் அடி உசரம். லீவு கிடைக்குமா?"

"எழுதிக் குடுத்தாச்சு," என்றாள் ஜலஜா.