ஆறு என்று காட்டிய கொல்லை

அண்ணனுடைய கடலைக் கொல்லையின் நடுவில் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சங்கிலி பிடிப்பதுதான் என் வேலை. பிரெஞ்சுக்காரன் காலத்திலும் பிடித்தேன். அவன் போன பிறகு, இந்த ஐம்பத்தெட்டிலும் அதே சங்கிலி, வேறு அதிகாரி. புதிதாய் வந்த சர்வேயர் சக்கரபாணி பழைய வரைபடத்தை வரப்பில் விரித்து வைத்திருந்தார். அதில் இந்த இரண்டு காணியும் ஆற்றுக்குத் தீட்டும் நீல நிறத்தில் இருந்தது.

சங்கராபரணியை ஆறு என்று சொல்லவே பெரிய மனசு வேண்டும். வருஷத்தில் பத்து மாசம் மணல். ஐப்பசியில் மேற்கே செஞ்சிப் பக்கம் மழை பிடித்தால் பத்து நாள் செந்தண்ணீர் ஓடும். அப்புறம் அங்கங்கே குட்டை, தை போனால் அதுவும் வற்றும். போன வழியிலேயே மறுபடி போகிற புத்தியும் அதற்குக் கிடையாது. எந்தக் காலத்திலோ வடக்கே தள்ளி ஓடியதாம். அந்தப் பள்ளம் தூர்ந்துதான் அண்ணன் கொல்லை. எனக்குத் தெரிந்து அங்கே தண்ணீர் ஏறியதில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சு சர்வேயர், நாங்கள் முசே என்று கூப்பிடும் துரை ஒருத்தன், உச்சி வெயிலில் காய்ந்த மணலில் நின்று கரை எது என்று கேட்டான். அண்ணன் ஆதிமூலம் என் காதருகே, "ஆறுன்னே காட்டுடா பலராமா, தீர்வை மிச்சம்" என்றான். நானும் கரை அதுதான் என்று கொல்லைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினேன்; படத்தில் கொல்லை ஆற்றுக்குள் போனது. அன்று அண்ணி அன்னக்கிளி எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். முசேயை ஏய்த்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே தின்றோம், வெட்கங்கெட்டவர்கள். இப்போது ஆறு என்றால் புறம்போக்கு. பட்டா கிடையாது, உள்ளே இருப்பவன் வெளியேற வேண்டியதுதான்.

சக்கரபாணி நல்ல மனிதர். குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, வரப்பில் நின்ற அண்ணனிடம் கேட்டார்.

"ஆத்துல யாராவது வரப்பு கட்டி கடலை போடுவாங்களா? அன்னிக்கி இங்க நின்னு கரையைக் காட்டுனது யாருன்னு சொல்லுங்க பெரியவரே, படத்தையே மாத்தி எழுதிடறேன். ஆனா அவன் சர்க்கார் சம்பளம் வாங்குறவனா இருந்தா சும்மா விடமாட்டேன்."

போன மாதம்தான் என் வேலையை நிரந்தரம் பண்ணியிருந்தார்கள். நெல்லித்தோப்பில் வாடகை வீடு, மூன்று பெண் பிள்ளைகள். வாயைத் திறக்க வேண்டியவன் நான். சங்கிலி வளையத்தை வேட்டியால் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பவேயில்லை. "யாரும் காட்டல சார். இது ஆறுதான். நாந்தான் ஆசப்பட்டு உள்ள வந்துட்டேன்."

"யோசிச்சு சொல்லுங்க. கைநாட்டு வெச்சிட்டா அவ்ளோதான்."

"ஆறுதான் சார்."

அண்ணனின் பெருவிரலில் மை தடவியவன் நான்தான். என்மேல் வந்ததைவிட அவன்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாமே, பாவி.

அண்ணன் பக்கத்தில் நின்ற அண்ணி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லையில் இறங்கிச் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். இன்னும் முப்பது நாள் நிற்க வேண்டிய செடிகள்.

"அறுப்பு வரைக்கும் இருக்கட்டும்மா" என்றார் சக்கரபாணி.

"ஆத்துல என்னா சார் அறுப்பு?"

மண்ணை உதறி ஒரு கட்டுச் செடியை என் காலடியில் போட்டாள். "புள்ளைங்களுக்கு எடுத்துட்டு போ" என்றாள். குரலில் கோபமே இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாய் ஆய்ந்து மடியில் கட்டினேன். பருப்புப் பிடிக்காத பிஞ்சுகள், வெள்ளை வெளேரென்று. ஒன்றை விரலால் நசுக்கினேன். வெறும் தண்ணீர் வந்தது.