ஐந்தெழுத்துத் தகடு

சிவநேசத்தின் கார் களவு போய்விட்டது என்று கேள்வியுற்ற மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதித் தமிழ்ச் சனம் முழுவதும் காருக்காக இரங்கியது. சிவநேசமோ காருக்காக ஒரு பெருமூச்சும் விடவில்லை. காருக்குக் காப்புறுதி இருந்தது. அவளுடைய நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டதெல்லாம் அதன் இலக்கத் தகட்டுக்காகவே.

அது அவள் விரும்பிக் கேட்டு, மேலதிகக் கட்டணம் செலுத்திப் பெற்ற தகடு. இலக்கங்களுக்குப் பதிலாக ‘நேசம்’ என்னும் பெயரை ஆங்கில எழுத்துகள் ஐந்தில் அது தாங்கியிருந்தது. மொன்றியலில் கால் வைத்த நாள் முதல் அவள் சண்முகலிங்கத்தின் மனைவி என்றே அறியப்பட்டாள். கலியாண அழைப்பிதழின் உறையில்கூட அவளுக்கென ஒரு பெயர் இருந்ததில்லை. ஐம்பது வயதைக் கடந்தபின் கார் ஓட்டப் பழகி, சோதனையில் பலமுறை தோற்று, ஈற்றில் வென்று, சிறுவர் காப்பகத்துச் சமையலறையில் உழைத்த சம்பளத்தில் கார் வாங்கி, அந்தத் தகட்டையும் பூட்டியபின் நிலைமை தலைகீழாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் புறப்பட்டு நிற்கும் பெண்கள், “அந்தா, நேசம் வருகுது” என்று தூரத்திலேயே கை காட்டினர். சண்முகலிங்கத்தையும் சிலர் “நேசத்தின்ரை அவர்” என்று குறிப்பிடத் தொடங்கினர்.

வாகனப் பதிவுப் பணியகத்துப் பெண் மிகுந்த பண்போடு பிரெஞ்சில் விளக்கினாள். களவுபோன தகடு வெளியே திரியும் வரையில் அதே எழுத்துகளில் இன்னொன்று வழங்க இயலாது. பழைய தகட்டைக் கையில் கொண்டுவந்தால் அதையே புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையேல் வேறொரு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

“அப்ப இந்தமுறை லிங்கம் எண்டு எடுப்பமே?” என்றார் சண்முகலிங்கம், வெளியே வந்ததும் வராததுமாக.

“ஓடுறது நான். பேர் உங்கடையோ?”

“சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்.”

“கதைக்குச் சொல்லுறவரின்ரை முகத்திலை இவ்வளவு வெளிச்சம் இராது.”

அடுத்த கிழமை பொலிசார் அழைத்தனர். லாசால் பகுதியில் ஒரு களஞ்சியத்தின் பின்புறத்தில் கார் அகப்பட்டிருந்தது. அதை, மீட்ட வாகனங்களை நிறுத்திவைக்கும் ஒரு காப்பு முற்றத்திற்கு இழுத்துச் சென்றுவிட்டார்கள் என்றும், உள்ளே கிடக்கும் பொருள்களை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தனர். காரோ இனி ஓட்ட உதவாது என்று கழித்து, புதியதற்குப் பணம் தரக் காப்புறுதிக்காரர் ஒப்புக்கொண்டிருந்தனர்.

சிவநேசம் முற்றத்துக்குள் நுழைந்ததும் நேரே காரின் பின்புறத்திற்குத்தான் போனாள். அங்கே எவருடையதோ ஒரு தகடு தொங்கியது. அவளுடைய முகம் வாடிப்போயிற்று. கதவுப் பூட்டு நெம்பப்பட்டிருந்ததையும், ஸ்டியரிங்கின் கீழே வயர்கள் குடல்போல் தொங்கியதையும் அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

காரின் முன்புறத்தில் மாத்திரம் ‘நேசம்’ அப்படியே இருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை என்பதை அவள் அறிவாள். கியூபெக்கில் காருக்குப் பின்னால் மட்டுமே தகடு உண்டு. ஊரில் முன்னும் பின்னும் தகடு பார்த்துப் பழகிய சண்முகலிங்கத்துக்கு, முன்புறம் வெறுமையாய் நிற்கும் கார் பொட்டில்லாத முகமாய்த் தோன்றியது. ஆகவே, கலியாண மண்டபங்களுக்குப் பெயர்ப்பலகை அடிக்கும் கடையொன்றில் அசல்போலவே ஒரு நகல் செய்வித்து முன்னால் பூட்டியிருந்தார். கள்ளரும் அதை அலங்காரம் என்று விட்டுப் போயிருந்தார்கள்.

“இதையாவது கழட்டிக்கொண்டு போவம்,” என்றார் சண்முகலிங்கம். சட்டைப்பைக்குள் திருகாணிச் சாவியும் ஆயத்தமாக இருந்தது.

“விளையாட்டுப் பிளேட்டைக் கொண்டுபோய் என்ன செய்யிறது? விடுங்கோ.”

“இல்லையப்பா, கழட்டுவம்.”

அந்தக் குரலில் வழக்கத்துக்கு மாறான ஒரு பணிவு இருந்தது. சிவநேசம் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து, தகட்டில் உறைந்திருந்த உப்பையும் பனியையும் கையுறையால் துடைத்தாள். மூலையில் காய்ந்துபோன சந்தனத்தின் மஞ்சள் தெரிந்தது. கையுறையைக் கழற்றிப் பெருவிரலை எழுத்துகளின்மேல் ஓட்டினாள். கடைக்காரன் செய்த நகல் கண்ணாடிபோல் வழுவழுப்பானது. இந்த எழுத்துகளோ பணியகம் தந்த அசலில் இருந்ததுபோல் தகட்டிலிருந்து புடைத்து நின்றன.

“இஞ்சாருங்கோ,” என்றாள் மெதுவாக. “இது எப்பிடி முன்னுக்கு வந்தது?”

சண்முகலிங்கம் தொண்டையைச் செருமினார். “வாகனப் பூசை அண்டைக்கு ஐயர் முன்னுக்குத்தானே சந்தனம் வைக்கிறவர். கள்ள நம்பருக்குப் பூசை செய்விக்கிறது சரியில்லையெண்டு காலமை ரெண்டையும் முன்னுக்குப் பின்னா மாத்திப் பூட்டினனான். பேந்து திருப்பி மாத்துவம் எண்டிருக்க, குளிர் வந்திட்டுது.”

“அந்தக் குளிருக்குப் பிறகு கோடை வரேல்லையோ?”

“வந்ததுதான். மறந்துபோனன்.”

“இவ்வளவு காலமும் கள்ள நம்பரோடை என்னை ஓட விட்டிருக்கிறியள். பொலிஸ் மறிச்சிருந்தால்?”

“மறிக்கேல்லையே.”

“அப்ப, லிங்கம் எண்டு எடுப்பம் எண்டு நிண்டது?”

“காரே போட்டுது எண்டுதானே நினைச்சனான். கார் கிடைச்சதெண்டு கேட்ட உடனை சாவியை எடுத்துப் பொக்கற்றுக்குள்ளை வைச்சனான். அதையும் யோசியும்.”

சிவநேசம் அதையும் யோசித்தாள். கள்ளரையும் யோசித்தாள். மட்டமான ஒரு நகலைப் பாடுபட்டுக் கழற்றிக்கொண்டு அவர்கள் ஓடிய கோலம் மனக்கண்ணில் எழ, அவளால் அடக்க முடியவில்லை. காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் கையை நீட்டினாள்.

“சாவியைத் தாங்கோ. நீங்கள் பூட்டினது காணும்.”

தகட்டை அவள் பைக்குள் வைக்கவில்லை. மெட்ரோவில் மடியில் நிமிர்த்திப் பிடித்தபடியே பணியகம் வரை கொண்டு சென்றாள். அதே பெண் அதைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்து, எங்கே கிடைத்தது என்று வினவினாள்.

“காரின் முன்னால்,” என்றாள் சிவநேசம், தான் மாலை வகுப்பில் கற்ற பிரெஞ்சில், ஒரு சொல்லும் தடுக்காமல்.

“மடாம், அது பின்னால் இருக்க வேண்டியது.”

“இனிமேல் அங்கேதான் இருக்கும்.”

அந்தப் பெண் புன்னகைத்தாள். விசைப்பலகை சற்று நேரம் தட்டப்பட்டது. அந்த ஐந்து எழுத்துகளும் மீண்டும் சிவநேசத்துக்கே உரியவையாயின.

சனிக்கிழமை புதிய காரின் பின்னால் தானே தகட்டைப் பூட்டி, திருகாணிகளைப் பல்லைக் கடித்து இறுக்கிவிட்டு, அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சண்முகலிங்கம் பக்கத்து இருக்கையில் பட்டியை மாட்டிக்கொண்டார். செர்புரூக் வீதியில் கார் ஊர்வலத் தேராய் நகர்ந்தது.

“கொஞ்சம் விரைவா ஓடுமன்,” என்றார் அவர், பின்னால் திரும்பிப் பார்த்து. “ஹோன் அடிக்கினம்.”

“அடிக்கட்டும்,” என்றாள் சிவநேசம். “வாசிச்சு முடிச்சிட்டு முந்திப் போகட்டும்.”